பதினெட்டு வயதில் ஒரு ஹாக்கி வீரரை எடைபோடுவது எப்படி?

2014ஆம் ஆண்டு டொரண்டோவில் நடந்த ஓர் உடற்தகுதிச் சோதனையில், பதினேழு வயது இளைஞர் ஒருவர் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடலை இழுத்துத் தூக்க வேண்டும் என்பது விதி. ஒரு முறைகூட அவரால் அதைச் செய்ய முடியவில்லை.

அந்த இளைஞரின் பெயர் சாம் பென்னட். வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி ஆடும் இளம் ஆட்டக்காரர்களுக்கான தரவரிசையின் முதலிடத்தில் அவ்வாண்டு அவரது பெயரே இருந்தது. முதலிடத்தில் இருப்பவருக்குக் கைகளில் இவ்வளவுதான் வலுவா என்று ஏளனம் எழுந்தது. சில வாரங்களில் நடந்த வீரர் தெரிவில் கால்கரி ஃபிளேம்ஸ் அணி அவரை நான்காவதாகத் தேர்ந்தெடுத்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், புளோரிடா பாந்தர்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மித் விருது பென்னட்டுக்குக் கிடைத்தது. அந்தச் சுற்றுகளில் அவர் அடித்த கோல்கள் 15.

உடற்தகுதிச் சோதனை வீண் வேலை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது எளிது. ஆனால் கதையின் நடுப்பகுதியையும் சொல்லியாக வேண்டும். கால்கரியில் பென்னட் கழித்த பருவங்களில் பெரும்பாலானவை சுமாரானவை. 2021 ஏப்ரலில் அந்த அணி அவரைப் புளோரிடாவுக்கு விட்டுக்கொடுத்தது. 2020இல் யாராவது கேட்டிருந்தால், நான்காம் இடத்தை வீணடித்துவிட்டார்கள் என்ற பதிலே கிடைத்திருக்கும். ஓர் இளம் வீரர் பற்றிய கணிப்பு சரியா தவறா என்பது, எந்த ஆண்டில் நின்றுகொண்டு அதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறிவிடுகிறது.

டொரண்டோவின் புறநகர்ப் பகுதிகளான ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும், குளிர்கால விடியற்காலைகளில் பனித்தளங்களின் ஓரத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. உயர்மட்டச் சிறுவர் அணிகளில் ஒரு பிள்ளையை ஆடவைக்க ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் செலவாகிறது. நேரமும் போகிறது, சில சமயம் படிப்பும் போகிறது. "இவன் முன்னுக்கு வருவானா?" என்று அவர்கள் பயிற்சியாளரிடம் கேட்பது அதனால்தான். அந்தக் கேள்விக்குத் தொழில்முறை அணிகள் எவ்வாறு விடை தேடுகின்றன என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது.

என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கில் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளாக நடைபெறும் வீரர் தெரிவில் ஏறத்தாழ 224 இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் திகதிக்குள் பதினெட்டு வயதை எட்டுபவர்களே முதன்முறையாகத் தகுதி பெறுகிறார்கள். ஒண்டாரியோ மாகாணத்தில் சல்லடை அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. அங்குள்ள ஜூனியர் லீக் அணிகள் பதினைந்து வயதிலேயே சிறுவர்களைத் தெரிவுசெய்கின்றன. இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியவர்களுக்கு இந்த அவசரம் புதிதாக இராது.

செப்டம்பர் 15 என்ற அந்தத் திகதிக்கு உள்ள வலிமையை இரண்டு பேரின் வரலாறு காட்டும். ஜான் டவாரெஸ் பிறந்தது 1990 செப்டம்பர் 20. ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. சில நாட்கள் பிந்திப் பிறந்ததால் இருவரும் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. காத்திருந்த ஆண்டில் மேத்யூஸ் சுவிட்சர்லாந்து சென்று, சூரிச் நகரத்து அணியில் வளர்ந்த ஆண்களோடு ஆடினார். இருவருமே தத்தம் ஆண்டில் முதலாவதாகத் தெரிவானார்கள். இவர்களோடு ஒரே பட்டியலில் இருந்த மற்றையோரிற் சிலர் இவர்களைவிட ஏறத்தாழ ஓராண்டு இளையவர்கள். அந்த வயதில் ஓராண்டு என்பது பல கிலோ தசை, சில அங்குல உயரம்.

பிறந்த மாதம் ஒரு பிள்ளையின் தலைவிதியில் கைவைப்பதை 1980களின் நடுப்பகுதியிலேயே கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவரது சகாக்களும் எடுத்துக்காட்டினர். கனடாவில் சிறுவர் அணிகள் ஜனவரி முதலாம் திகதியைக் கொண்டு வயதுப் பிரிவுகளை வகுக்கின்றன. ஜனவரியில் பிறந்த ஒன்பது வயதுச் சிறுவன், டிசம்பரில் பிறந்தவனைவிட உடலில் முதிர்ந்தவன். அவனே தேர்வாகிறான், நல்ல பயிற்சியாளரும் கூடுதல் ஆட்டங்களும் அவனுக்கே கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே மேலான ஆட்டக்காரன் ஆகிவிடுகிறான். முதிர்ச்சியைத் திறமை என்று தவறாக எண்ணியவர்கள், தங்கள் எண்ணத்தைத் தாங்களே உண்மையாக்கிவிடுகிறார்கள்.

2013இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் டீனரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. 1980இலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டில் தெரிவான கனடிய வீரர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தோர் தெரிவானவர்களில் 36 விழுக்காட்டினர். ஆனால் தெரிவான அனைவரும் சேர்ந்து ஆடிய என்.எச்.எல். ஆட்டங்களில் அவர்களது பங்கு 28 விழுக்காடே. ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தோர் 34 விழுக்காட்டினர். அவர்கள் ஆடிய ஆட்டங்களோ 42 விழுக்காடு. அதாவது, கணிப்பையே தொழிலாகக் கொண்டு சம்பளம் வாங்குபவர்கள், காலண்டரில் வெளிப்படையாக இருந்த ஒன்றை ஆண்டுக்கணக்கில் கவனிக்கத் தவறியிருக்கிறார்கள். என் பார்வையில் இந்தத் துறை குறித்து வெளிவந்துள்ள எண்களில் மிகவும் சங்கடமானவை இவைதாம்.

எண்கள் என்றதும் புள்ளிகளைப் பற்றியும் பேச வேண்டும். ஹாக்கியில் கோல் அடித்தாலும் ஒரு புள்ளி, கோலுக்கு வழிவகுத்துக் கொடுத்தாலும் ஒரு புள்ளி. கானர் மெக்டேவிட் 2014-15 பருவத்தில் ஒண்டாரியோ ஜூனியர் லீக்கில் 47 ஆட்டங்களில் 120 புள்ளிகள் எடுத்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த, பஞ்சாபி வம்சாவளியினரான அர்ஷ்தீப் பெயின்ஸ் 2021-22இல் மேற்கு ஜூனியர் லீக்கில் 112 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். பார்வைக்கு இரண்டும் அண்மித்த எண்கள். ஆனால் முதலாமவருக்கு அப்போது வயது பதினேழு, பதினெட்டு. ஆடியதும் குறைவான ஆட்டங்கள். இரண்டாமவர் இருபதைக் கடந்து, தம்மைவிட இளையவர்களுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார். மெக்டேவிட் 2015இல் முதலாவதாகத் தெரிவானார். எந்த அணியாலும் தெரிவுசெய்யப்படாத பெயின்ஸ், வான்கூவர் அணியுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்து, 2024 பிப்ரவரியில் முதல் என்.எச்.எல். ஆட்டத்தை ஆடினார். அதுவும் சிறு சாதனையல்ல. ஆயினும் ஒரு புள்ளிக்கணக்கைக் காட்டினால், எத்தனை வயதில், எந்த லீக்கில், எத்தனை ஆட்டங்களில் என்று கேட்காமல் அதை மதிப்பிடக் கூடாது.

யாருடன் சேர்ந்து ஆடினார் என்பதும் முக்கியம். மிகச் சிறந்த சக வீரர் ஒருவரின் பக்கத்தில் நின்றால் புள்ளிகள் தாமாகவே சேரும். எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே அமர்ந்திருக்கும் நேரத்தில் மட்டுமே களமிறக்கப்படும் வீரருக்கும் அப்படியே.

எண்களால் சொல்ல முடியாதவற்றைக் காணவே ஸ்கவுட் எனப்படும் திறன் தேடுநர்கள் ஊர் ஊராகப் பயணிக்கிறார்கள். பக் எனப்படும் ரப்பர் வட்டு தன்னிடம் வருவதற்கு முன்பே வீரர் தலையைத் திருப்பி மற்றவர்களின் நிலையைப் பார்த்துவிடுகிறாரா, வட்டை இழந்ததும் திரும்பி ஓடுகிறாரா, அடிபட்ட பின்னரும் அதே மூலைக்குள் மறுபடி நுழைகிறாரா என்பன அவர்கள் குறித்துக்கொள்பவை. இவற்றில் தேர்ந்த கண்ணுக்கு நிகரில்லை. அதே கண்கள் உயரத்தையும் வேகத்தையும் பார்த்ததும் மயங்கிவிடுகின்றன என்பதும் உண்மை.

கலிபோர்னியாவில் பிறந்த, பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாயின் மகனான ஜேசன் ராபர்ட்சன் 2017இல் தெரிவுக்கு வந்தபோது, அவர் சறுக்கி ஓடும் விதம் மெதுவானது, அழகற்றது என்றார்கள். 38 பேர் தெரிவான பிறகே டல்லாஸ் அணி அவரை எடுத்தது; எடுத்தவுடன் களத்தில் இறக்கவும் இல்லை. மீண்டும் ஜூனியர் லீக்குக்கு அனுப்பியது. 2018-19இல் அங்கே 117 புள்ளிகள் எடுத்தார். அடுத்து ஒரு பருவம் இரண்டாம் நிலைத் தொழில்முறை லீக்கில் ஆடினார். 2022-23இல் என்.எச்.எல். லீக்கில் அவர் அடித்தவை 46 கோல்கள். மொத்தம் 109 புள்ளிகள். அவர் பிறந்த மாதம் ஜூலை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம்.

ஓட்டத்தைப் பயிற்சியால் ஓரளவு சீர்செய்யலாம். ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கும் அறிவை அவ்வளவு எளிதாகப் புகுத்த முடியாது. திருத்தக்கூடிய குறை எது, திருத்த முடியாத குறை எது என்று பிரித்தறிவதே மதிப்பீட்டின் கடினமான பகுதி.

உயரம் இன்னொரு சிக்கல். 2022ஆம் ஆண்டுத் தெரிவுக்கு முன் லேன் ஹட்சன் என்ற குள்ளமான தற்காப்பு வீரர், தமது எலும்புகளின் வளர்ச்சி இன்னும் முடியவில்லை, மேலும் உயர வாய்ப்புண்டு என்று கூறும் மருத்துவ அறிக்கையை அணிகளிடம் காட்டினார். பதினெட்டு வயது இளைஞர் வேலை தேடி எலும்பு வளர்ச்சிச் சான்று கொண்டுபோக வேண்டியிருப்பது வேடிக்கையா வேதனையா என்று தெரியவில்லை. 61 பேருக்குப் பிறகு மாண்ட்ரியல் அவரை எடுத்தது. 2024-25இல், தமது முதல் முழுப் பருவத்தில், 66 புள்ளிகளுடன் சிறந்த அறிமுக வீரர் விருதை அவர் வென்றார்.

அப்போது ஹட்சனின் பயிற்சியாளராக இருந்தவர் மார்ட்டின் சென் லூயி. அவரும் குள்ளமானவர், ஐந்தடி எட்டு அங்குலம். அவரது கதையை இன்னொருவரின் கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். கியூபெக் மாகாணத்தின் லவால் நகரில் 1975 பிப்ரவரியில் அலெக்சாண்டர் டெய்க்ல் பிறந்தார். அதே நகரில், அதே ஆண்டு ஜூனில் சென் லூயி பிறந்தார். 1993இல் ஒட்டாவா அணி டெய்க்லை முதலாவதாகத் தெரிவுசெய்து, ஐந்தாண்டுகளுக்கு 1 கோடியே 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஓர் ஆட்டம்கூட ஆடாத இளைஞருக்கு அத்தொகை ஏற்படுத்திய அதிர்ச்சி சிறியதல்ல. 1995இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு கொண்டுவந்ததற்கு அவ்வொப்பந்தமும் ஒரு காரணம். சென் லூயியை எந்த அணியும் எந்தச் சுற்றிலும் எடுக்கவில்லை. அவர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். பின்னர் கால்கரி அவரைச் சேர்த்து, 2000இல் விட்டுவிட்டது.

டெய்க்ல் 616 ஆட்டங்களில் 327 புள்ளிகள் எடுத்தார். சென் லூயி எடுத்தது 1,033. 2004இல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதும் ஸ்டான்லி கோப்பையும் அவருக்கு ஒரே ஆண்டில் கிடைத்தன. 2018இல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இதை வைத்துத் தெரிவு முறையே பொய் என்று வாதிடுவோர் உண்டு. அது மிகை. முதல் சுற்றில் தெரிவாவோரில் பெரும்பான்மையினர் என்.எச்.எல். ஆட்டம் காண்கிறார்கள், கடைசிச் சுற்றுகளில் மிகச் சிலரே. ஆனால் இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி, தெரிவினாலேயே உண்டாவது. முதல் சுற்று வீரர் மூன்று பருவங்கள் தடுமாறினாலும் அவரை இட்டவர்களின் கௌரவம் அவரைக் காக்கும். ஆறாம் சுற்று வீரர் மூன்று வாரம் தடுமாறினால் போதும். பென்னட்டுக்கு ஏழு ஆண்டுகள் கிடைத்தன என்பதை மறந்துவிடலாகாது. 2000இல் 205ஆவதாகத் தெரிவான ஸ்வீடன் கோல் காப்பாளர் ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட் போன்றோர், யாரும் கவனிக்காத தாயக லீக்குகளில் அவசரமின்றி முதிர முடிந்ததால்தான் தப்பினார்கள் என்று நான் கருதுகிறேன்.

காலம் கிடைக்கும் இடம் எது என்பதே இன்று குடும்பங்கள் எதிர்கொள்ளும் கேள்வி. நெடுங்காலமாகக் கனடிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் சேரும் தகுதியை இழந்தார்கள். பதினாறு வயதில் ஒரு கையெழுத்து. ஒரு கதவு மூடிவிடும். 2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு நிர்வாகம் அத்தடையை நீக்க முடிவெடுத்தது. 2025 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. மெடிசின் ஹாட் ஜூனியர் அணியில் 129 புள்ளிகள் எடுத்த கேவின் மெக்கென்னா அவ்வாண்டே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இருபது, இருபத்தொரு வயதில் மலரும் வீரருக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் இடங்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஜூனியர் லீக்கிலிருந்து வருவோர் ஒவ்வொருவரும் கல்லூரி அணியில் இன்னொருவரின் இடத்தைப் பிடிக்கிறார்கள்.

ஆகவே, பனித்தளத்தின் ஓரத்தில் நிற்கும் பெற்றோர் "முன்னுக்கு வருவானா?" என்று கேட்பதைவிட, விடை சொல்லக்கூடிய சில கேள்விகளைப் பயிற்சியாளரிடம் கேட்பது நல்லது. ஓர் ஆட்டத்தில் எத்தனை நிமிடம் இறக்குகிறீர்கள்? அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கும் கடைசி நிமிடங்களில் இவன் களத்தில் இருக்கிறானா, பெஞ்சில் இருக்கிறானா? சென்ற ஆண்டு செய்ய முடியாத எதை இந்த ஆண்டு செய்கிறான்? ஹாக்கி நின்றுபோனால் படிப்புக்கு உங்கள் அணி தரும் உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிபந்தனையில்? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.