ஒட்டியின் நிழலில் ஒளிந்திருக்கும் நிறம்

சன்னல் ஓரத்துச் சுவரில் பல ஆண்டுகள் தொங்கிய நாட்காட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தால், அங்கே ஒரு கட்டம் மட்டும் பளிச்சென்று தெரியும். அது நாட்காட்டி உண்டாக்கிய கறையா? அன்று. சுவரின் பழைய நிறமே அதுதான். மாறிப்போனது சுற்றியுள்ள சுவரே ஆகும்.

மோட்டார் வாகனங்களில் ஒட்டும் ஸ்டிக்கரின் கதையும் இதுவே. தனியார் வாகனங்களில் பத்திரிகை, வழக்கறிஞர், மருத்துவர் என்றெல்லாம் ஒட்டியிருந்தால் அபராதம் விதிக்கப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல் துறையினர் அறிவித்து, 2024 மே 2 முதல் நடைமுறைப்படுத்தினர். ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தால் எழுத்து போய்விடும். ஆனால் எழுத்தின் வடிவம் காரின் மேலேயே நின்றுவிடும். "ஸ்டிக்கர் பெயிண்டைக் கெடுத்துவிட்டது" என்பார்கள் வண்டிக்காரர்கள். பழி இங்கே ஒட்டியின் மேல், குற்றவாளியோ வெயில்!

இன்றைய காரின் வண்ணப்பூச்சு பல அடுக்குகளால் ஆனது. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றிற்கும் மேலாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். இம்மேலடுக்கின் கனம் ஏறத்தாழ 40 மைக்ரான். தலைமயிரை விட மெல்லியது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இவ்வடுக்கின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கின்றன. நிறமிகளிலும் வேறுபாடு உண்டு. கோயில் மதிலில் அடிக்கும் காவி, இரும்பு ஆக்சைடு ஆகையால் வெயிலுக்கு எளிதில் அசையாது. கார்களில் வரும் பளபளப்பான சிவப்பு பெரும்பாலும் கரிம நிறமி. அதுதான் முதலில் வெளிறுகிறது. வெள்ளைக் காரில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு வெளிறுவதில்லை. பூச்சுதான் நாளடைவில் மங்கி, தொட்டால் சுண்ணப்பொடி போல் கையில் ஒட்டும்.

நம் ஊர் நிலையைச் சொல்லவே வேண்டாம். கடலூரும் சிதம்பரமும் ஏறக்குறைய பதினொன்றரைப் பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் ஆண்டுக்கு இருமுறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்து நிற்கிறது. சிதம்பரத்துத் தேர் வீதிகளில் பகல் முழுவதும் நிற்கும் வாடகைக் காரின் கூரைதான் கதவை விட முன்னதாக வெளிறுகிறது என்பதை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இதனோடு உப்புக் காற்றும் சேர்கிறது. உப்பு நிறத்தை வெளுக்காது. கீறல் கிடைத்தால் தகட்டைத் துருவாக்கும்.

ஆகவே ஸ்டிக்கர் ஒட்டும்போது நான் முதலில் அஞ்சுவது பிளேடுக்குத்தான். காரின் மேலேயே தாளை வைத்து ஓரத்தை அறுக்கும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. கை சற்றே அழுந்தினால் கிளியர் கோட் பிளந்துவிடும். அந்தக் கோட்டின் வழியே உப்பு ஈரம் இறங்கினால், ஸ்டிக்கரை எடுக்கும் நாளில்தான் துரு வெளிப்படும். மேசை மேல் அறுத்துக் கொண்டுவந்து ஒட்டச் சொல்லுங்கள். புதிதாக பெயிண்ட் அடித்த வண்டியாயின் சில வாரங்களாவது காத்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து வெளியேறும் கரைப்பான் ஆவி, தாளின் அடியில் கொப்புளமாக எழும். ஒட்டும் இடத்தில் மெழுகுப் பூச்சு இருந்தால் பசை பிடிக்காது. ஆனால் ஒட்டிய பின் சுற்றியுள்ள பகுதிக்கு மெழுகுப் பூச்சு தேவை. நிறம் மங்குவது அங்கேதானே! அதனினும் மேலானது நிழல். வேப்பமர நிழலானால் பறவை எச்சத்தை அன்றன்றே கழுவிவிட வேண்டும்.

ஸ்டிக்கர் என்பது பாலிவினைல் குளோரைடு தாள். அதை வளையச் செய்யும் மென்மையூட்டி வெயிலில் மெல்லக் கசிந்து வெளியேறும். தாள் சுருங்கும், ஓரத்தில் பசை வெளிப்பட்டுத் தூசி படிந்து கருங்கோடாகும், பின்னர் அப்பளம் போல் நொறுங்கும். அந்த நிலை வரும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி, ஒரு முனையிலிருந்து மெதுவாக, தகட்டோடு ஒட்டினாற்போல் மடக்கி இழுக்க வேண்டும். வெடுக்கென்று நேராக இழுத்தால், மறுபடி பெயிண்ட் அடித்த வண்டியில் பெயிண்டும் சேர்ந்து வரும். மிஞ்சிய பசையைச் சிறிது மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துச் சோப்பு நீரால் கழுவலாம். தின்னர் மட்டும் வேண்டாம். அது பசையோடு பூச்சையும் கரைக்கும்.

கழுவிய பின்னும் வடிவம் தெரிந்தால் அது நிற வேறுபாடே. சுற்றியுள்ள மங்கிய பகுதியைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் ஓரளவு ஒத்துவரும். தேய்க்கும்போது வெள்ளைத் துணியில் காரின் நிறம் ஏறினால் அந்த வண்டியில் கிளியர் கோட் இல்லை, அல்லது தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மேலும் தேய்த்தால் பிரைமர் தெரியும்; பிறகு அந்தப் பகுதி முழுவதற்கும் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.