எஞ்சினுக்கு ஒரு கணப்பு

கனடா நாட்டின் வினிப்பெக் நகருக்குக் குளிர்காலத்தில் முதன்முதலாகச் செல்லும் பிரயாணி ஒரு விசித்திரமான காட்சியைக் காண்பார். கார்களும் லாரிகளும் வரிசையாக நிற்கும். அவற்றுள் பலவற்றின் முகப்பிலிருந்து மின்கம்பி ஒன்று நாக்கைப்போல் வெளியே தொங்கும். அருகிலுள்ள சிறு கம்பத்தில் அதனைச் செருகிவிட்டு வண்டிக்காரர் உறங்கச் சென்றுவிடுவார். இவையெல்லாம் மின்சாரத்தால் ஓடும் வண்டிகளோ என்று பிரயாணி ஐயுறக்கூடும். அல்ல, டீசலாலும் பெட்ரோலாலும் ஓடுபவையே. அக்கம்பியின் மறுமுனையில், எஞ்சினின் வயிற்றுக்குள், சிறியதொரு மின்சாரக் கணப்பு இருக்கிறது. 'பிளாக் ஹீட்டர்' என்று அதனை வழங்குவர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபிரீமன் என்பவர் 1949-ஆம் ஆண்டில் இத்தகைய கணப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

நேயர்களே, எஞ்சினைக் காப்பதற்காக வைத்த இக்கணப்பே கசியத் தொடங்கினால் எஞ்சினுக்குப் பகையாகிவிடும். அதனை மாற்றுவது எப்படி என்பதையும், மாற்றும்போது எதனை மறக்கலாகாது என்பதையும் இன்று பார்ப்போம்.

முதலில் கணப்பு ஏன் வேண்டும்? 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. உள்ளே இழுத்த காற்றை அதன் கன அளவில் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு அழுத்தினால் அது கொதிப்பேறும். அந்த உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸ் குளிரில் நடப்பதோ வேறு. இரும்புச் சுவர்கள் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றன. மசகெண்ணெய் பாகாக இறுகிச் சுழற்சியைத் தடுக்கிறது. மின்கலத்தின் வலிமையும் குன்றிவிடுகிறது. ஊருக்கு வெகு தொலைவிலே, பனிவெளியில், விடியற்காலையில் லாரி கிளம்பவில்லையென்றால் அது சரக்குத் தாமதத்தோடு முடிவதன்று. ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கணப்பின் அமைப்பு எளியது. எஞ்சின் உடலை வார்க்கும்போது உள்ளிருக்கும் மணலை வெளியேற்ற விட்ட துளைகள் அதன் பக்கங்களில் உண்டு. அவற்றுள் ஒன்றின் மூடியை அகற்றி, அவ்விடத்தில் கணப்பைப் பொருத்துகின்றனர். சில எஞ்சின்களில் இதற்கென்றே தனித்துளை இருக்கும். கணப்பின் சுருள் எஞ்சினைச் சூழ்ந்த குளிர்விப்பு நீரில் மூழ்கியிருக்கும். சூடான நீர் மேலே செல்ல, குளிர்ந்த நீர் கீழே வரும். இவ்வாறு எஞ்சின் முழுவதும் மெல்ல வெதுவெதுப்படையும். பெரிய எஞ்சினுக்கும் நான்கு மணி நேரம் பெரும்பாலும் போதுமானது.

நீர் வெளியே வராதபடி தடுப்பது ஒரு ரப்பர் வளையம். ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகி, நெகிழும் தன்மையை இழக்கிறது. துளையின் விளிம்பு துருவேறிக் குழிகிறது. இங்கே ஏமாற்றும் செய்தி ஒன்றுண்டு. குளிரில் உலோகமும் ரப்பரும் சுருங்கும்போது சொட்டும் நீர், எஞ்சின் சூடேறியதும் நின்றுவிடக்கூடும். "தானே சரியாகிவிட்டது" என்று எண்ணி ஓட்டுநர் புறப்பட்டுவிடுவார். நோய் தீரவில்லை; மறைந்திருக்கிறது. நீர்மட்டம் குறைந்துகொண்டே போனால் ஒருநாள் எஞ்சின் கொதித்துப் பழுதாகும். கசிவு மின்முனை வழியாக வந்தாலோ பிளக்கே கருகிவிடும்.

ஆகவே, கசிவு கணப்பிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்யவேண்டும். மேலேயுள்ள குழாயில் கசிந்த நீரும் வழிந்து அதே இடத்துக்கு வரலாம். அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, இரவு முழுவதும் நிறுத்திவைத்துக் காலையில் பார்த்தால் உண்மை புலப்படும்.

மாற்றுவதற்கு எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். மின்கம்பியைக் கழற்றிய பின்னரே கை வைக்கவேண்டும். ரேடியேட்டரின் நீரைச் சுத்தமான பாத்திரத்தில் வடிக்கவேண்டும். அந்நீரில் பொதுவாகப் பாதியளவு எத்திலீன் கிளைகால் கலந்திருக்கும். ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கீழே 37 பாகை வரை நீர் உறையாமல் காப்பது அதுவே. ஆனால் அது நஞ்சு. அதிலும் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தரையில் சிந்தியதை நாய் நக்கினாலும் குழந்தை தொட்டுச் சுவைத்தாலும் பெருந்தீங்கு விளையும். எனவே, சிந்தியதை உடனே துடைத்துவிடவேண்டும். வடித்ததை மூடி வைக்கவேண்டும்.

பிறகு பழைய கணப்பைத் தளர்த்தி, சுருள் உள்ளே இடிபடாமல் மெல்லத் திருப்பி வெளியே எடுக்கவேண்டும். அடுத்த வேலையைப் பலர் அலட்சியம் செய்கின்றனர். துளையின் விளிம்பிலுள்ள துருவை நயமான உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, தூள் உள்ளே விழாமல் துடைத்தெடுக்கவேண்டும். துருவின்மேல் புது வளையத்தை வைப்பது, ஓட்டைச் சுவரின்மேல் சுண்ணாம்பு பூசுவதற்கு ஒப்பாகும்.

புதிய கணப்பு அந்த எஞ்சினுக்கே உரியதாயிருக்கவேண்டும். பொருத்துமுன் ஓம் அளக்கும் கருவியால் சோதித்துவிடலாம். 120 வோல்ட்டில் 750 வாட் கணப்பாயின் ஏறத்தாழ 19 ஓம் காட்டும்; 1000 வாட்டாயின் 14 ஓம் அளவு காட்டும். மின்முனைக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே தொடர்பு இருக்கலாகாது. புது வளையத்தில் சிறிது குளிர்விப்பு நீரைத் தடவி, சுருள் இரும்புச் சுவரைத் தொடாதவாறு வைத்து, தயாரிப்பாளர் கூறிய அளவுக்கே முறுக்கவேண்டும். மிகுதியாக முறுக்கினால் வளையம் நசுங்கும், மரையும் கெடும்.

இனி, ஏற்ற கலவை நீரை மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றவேண்டும். ஆறிய பின் நீர்மட்டத்தைப் பார்த்து, குறைந்த அளவை நிரப்பவேண்டும். கசிவு உண்டா என்று மறுபடியும் பார்க்கவேண்டும். சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இவையனைத்தும் முடிந்த பின்னரே மின்கம்பியைச் செருகவேண்டும். புதிய கணப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆவலில், நீர் ஊற்றுமுன்னரே மின்சாரத்தைப் பாய்ச்சுவோர் உண்டு. நீரில்லாப் பானையை அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். சூழ நீரில்லாத சுருளும் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். அத்தனை உழைப்பும் வீணாகும்.

முதலில் நீர், பிறகு நெருப்பு. இவ்வொழுங்கைக் காத்தவனுக்குப் பனிக்காலத்து விடியலில் எஞ்சின் முதற்குரலிலேயே பதில் சொல்லும்.