அங்கயற்கண்ணி – சொல்ல வருகிறதா?

அங்கயற்கண்ணி.

இந்தப் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாக்கு தடுக்குகிறதா?

பலருக்குத் தடுக்கத்தான் செய்கிறது. பாட்டிமாரில் அங்கயற்கண்ணிகள் உண்டு. ஒன்றாம் வகுப்புச் சிறுமிகளில் அந்தப் பெயரைக் கேட்பது அபூர்வமாகி விட்டது. "வாயில் நுழையாத பெயர்" என்று பெற்றோர் ஒதுக்கி விடுகிறார்கள்.

ஆனால் இது யாருக்கும் தெரியாத பெயர் அல்ல. மதுரை மீனாட்சி அம்மனின் தமிழ்ப் பெயர்தான் இது.

"அம்" என்றால் அழகு. "கயல்" ஒரு வகை மீன். அழகிய கயல் மீனைப் போன்ற கண்களை உடையவள் அங்கயற்கண்ணி. மீனாட்சி என்றாலும் மீன் போன்ற கண்ணை உடையவள் என்றுதான் அர்த்தம். 7-ம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக் கோவிலைப் பாடியபோது, அம்மனை அங்கயற்கண்ணி என்றே குறிப்பிட்டார்.

கண்ணுக்கு மீனை ஏன் உவமை சொன்னார்கள்? மீனுக்கு இமை கிடையாது. கண்ணை மூடாமலே தூங்கும். அதுபோல, அம்மனும் கண் மூடாமல் மக்களைக் காக்கிறாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பார்வையாலேயே மீன் தன் முட்டையைப் பொரிக்கும் என்றும் சொல்வார்கள். அது உண்மை அல்ல. ஆனாலும் அழகான கற்பனை!

கற்கண்டு

சரி, பெயர் ஏன் தடுக்குகிறது? "கயல்" என்பதும் "கண்ணி" என்பதும் சேரும்போது "ல்" மாறி "ற்" ஆகிறது. இது ஒன்றும் புதுமை இல்லை. பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி. கல்லும் கண்டும் சேர்ந்தால் கற்கண்டு. கற்கண்டு என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கயற்கண்ணி என்று சொல்லவும் வரும். முன்னால் "அங்" சேர்த்தால் தீர்ந்தது!

வீட்டுப் பேச்சில் "கல்கண்டு" என்பதைப் போல "அங்கயல்கண்ணி" என்று சொன்னாலும் குடி முழுகிப் போகாது. பொருள் கெடாது.

பொருள் கெடுவது வேறு இடத்தில். "கண்ணி"யைச் சிலர் "கன்னி" ஆக்கி விடுகிறார்கள். கண் போய் விடுகிறது. கன்னி என்றால் கல்யாணம் ஆகாதவள். பேரன், பேத்தி எடுத்த 70 வயதுப் பாட்டிக்கு இது தேவையா?

இங்கிலீஷ் எழுத்தும் இதற்கு ஒரு காரணம். அதில் "ண்", "ன்" இரண்டுக்கும் ஒரே எழுத்து. "ற்", "ர்" இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதைப் பார்த்து யாராவது திரும்பத் தமிழில் எழுதும்போது "அங்கயர்கன்னி" பிறந்து விடுகிறாள்.

மாமியார் பெயர்

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் வழக்கம். பேத்தி என்ற சொல்லே "பெயர்த்தி" என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால், மாமியாரின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம்! "அடியே அங்கயற்கண்ணி, இங்கே வா!" என்று மாமியார் காதில் விழும்படி கூப்பிட முடியுமா? ஆகவே குழந்தை "பாப்பா" ஆனாள், "கண்ணு" ஆனாள். முழுப் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் தூங்கியது.

சொல்லாத பெயர் எப்படி வாய்க்குப் பழகும்? பெயர் கடினமாகத் தோன்றியதற்கு இதுவே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், "கயல்" என்ற பெயரை இளம் பெற்றோர் விரும்புகிறார்கள். 2014-ல் "கயல்" என்று ஒரு சினிமா வந்தது. 2021-ல் அதே பெயரில் டெலிவிஷன் தொடர் ஆரம்பமாயிற்று. பாட்டியின் பெயருக்குள்ளேதான் அந்தக் கயல் நீந்திக் கொண்டிருக்கிறது! வீட்டில் கயல், பதிவேட்டில் அங்கயற்கண்ணி என்று வைத்தால் பாட்டிக்கும் சந்தோஷம், மருமகளுக்கும் சங்கடம் இல்லை.

அவசரமும் வேண்டாம். பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பதை அன்றே முடிவு செய்யுங்கள். ஆதார் அட்டையிலும் பள்ளியிலும் அதையே கொடுங்கள். தமிழில் எழுதும்போது மூன்று புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக் கொள்ளுங்கள்: ங், ற், ண்.