ரசீதுக்கும் ஒரு ரசீது!

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன் ஒருநாள் மாலை முகத்தை 'உம்'மென்று வைத்துக்கொண்டு வந்தான். பூவின் பாகங்களை வரைந்து, அதைப் போட்டோ எடுத்து, இரவு 8 மணிக்குள் ஆசிரியைக்கு அனுப்ப வேண்டும். மணி 7.50. செல்போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போட்டோ போன பாடில்லை. அதே போனில் அவனுடைய அக்கா ஒரு சினிமாவை டவுன்லோடு போட்டிருந்தாள்.

“சினிமாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுடா, போட்டோ போய்விடும்” என்றேன்.

“அது எப்படி தாத்தா? சினிமா இறங்குது, போட்டோ ஏறுது. ரெண்டும் வேற வேற பக்கம்தானே?”

நல்ல கேள்வி, இல்லையா குழந்தைகளே? சினிமா இறங்கும்போது போன் சும்மா வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஓயாமல் அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. எதைத் தெரியுமா? ரசீதுகளை!

இணையத்தில் எதுவும் முழுசாக வருவதில்லை. துண்டு துண்டாக வரும். ஒரு துண்டு சுமார் 1,500 பைட். ஒரு எம்.பி. அளவுக்குச் சுமார் 700 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. வழியில் சில தொலைந்தும் போகலாம். அதனால் “வந்து சேர்ந்தது” என்று போன் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அனுப்பியவர் அந்தத் துண்டை மறுபடி அனுப்புவார். பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை ஒன்றை இணைத்து அனுப்புவார்களே, அதுபோல. (அந்தப் பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள்.) இணையத்துக்கு இந்த ஏற்பாட்டை வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் டி.சி.பி. என்னும் முறை.

இப்போது கணக்குப் போடுங்கள். 700 எம்.பி. சினிமா என்றால் ஏறக்குறைய 5 லட்சம் துண்டுகள். துண்டுக்கு ஒரு ரசீது என்றால் 5 லட்சம் ரசீதுகள்! அத்தனையும் போனிலிருந்து வெளியே போக வேண்டும். போட்டோவும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

“ரசீது சின்னதுதானே தாத்தா?” சின்னதுதான், சுமார் 40 பைட். ஆனால் ஒரே ஒரு பயணிக்காகவும் பஸ் கிளம்பித்தானே ஆக வேண்டும்? டீசல் செலவு குறையாதே! வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசுவதற்கு முன் காற்றில் சத்தம் ஓய்ந்ததா என்று பார்த்து, சற்றுக் காத்திருந்து, பிறகே பேச வேண்டும். அனுப்புவது 40 பைட்டானாலும் 1,500 பைட்டானாலும் இந்தச் சடங்கு ஒன்றுதான். இதில் வேடிக்கை, வைஃபைக்கென்று தனியாக ஒரு ரசீது முறையும் இருக்கிறது. ஆக, நம் ரசீது போய்ச் சேர்ந்ததற்கும் ஒரு ரசீது வரும்!

வைஃபை இல்லாமல் செல்போன் கோபுரம் வழியாக அனுப்பினாலோ, “நான் அனுப்பலாமா?” என்று கோபுரத்திடம் அனுமதி கேட்க வேண்டும். 4ஜி போன் தன் முழு சக்தியையும் திரட்டினாலும் அது சுமார் 0.2 வாட் தான். கோபுரத்தின் பலத்துக்கு முன் அது எம்மாத்திரம்? அதனால்தான் வரும் வழி அகலம், போகும் வழி குறுகல்.

இதற்கு என்ன வழி? எனக்கு என் வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. 'சொல்வதை எழுதுதல்' நடத்தும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் “எழுதிட்டேன் சார்! எழுதிட்டேன் சார்!” என்று 40 பிள்ளைகளும் கத்துவார்கள். அடுத்த சொல்லை நான் சொல்வது யார் காதிலும் விழாது. “இரண்டு சொல்லுக்கு ஒருமுறை சொன்னால் போதும். விட்டுப்போனவன் மட்டும் உடனே கையைத் தூக்கு” என்றேன். சத்தம் பாதியாகக் குறைந்தது.

இணையத்திலும் இதே யோசனைதான். முழு அளவுத் துண்டுகள் இரண்டுக்கு ஒரு ரசீதாவது தர வேண்டும்; அரை நொடிக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்று 1989-இல் வெளியான விதிகள் கூறின. “6 வரை வந்துவிட்டது” என்று ஒரு ரசீது சொன்னால் 1 முதல் 6 வரை எல்லாம் வந்ததாகவே பொருள். அதனால் இடையில் ஒரு ரசீதை விட்டாலும் நஷ்டமில்லை. 7 வராமல் 8 வந்துவிட்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே “7 எங்கே?” என்று கேட்டுவிட வேண்டும்.

அப்படியானால் நூறு துண்டுக்கு ஒரு ரசீது கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். அனுப்புகிறவர் ரசீது வர வரத்தான் அடுத்த துண்டுகளை விடுவார். வகுப்பில் யாருமே வாயைத் திறக்காவிட்டால் நானும் அடுத்த சொல்லைச் சொல்லாமல் நின்றுகொண்டுதானே இருப்பேன்? 1984-இல் ஜான் நேகிள் என்பவர் வேறொரு சிக்கன யோசனை சொன்னார்: சின்னச் சின்னத் துண்டுகளை, முந்தையதற்கு ரசீது வரும்வரை சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்பலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பக்கம் ரசீதைத் தாமதிக்கிறவர் இருந்தால்? “நீங்க முதல்ல”, “இல்லை, நீங்க முதல்ல” என்று பந்தி வாசலில் நிற்கும் சம்பந்திகளைப் போல இருவரும் நிற்பார்கள். கணினிகளில் இது உண்மையாகவே நடந்தது.

ஆகவே அவசரப்படாமல், இடத்துக்கு ஏற்றபடி குறைக்கிறார்கள். 2009-இல் வந்த 802.11என் வகை வைஃபையில் 64 துண்டுகள் வரை சேர்த்து ஒரே வைஃபை ரசீது தரலாம். 2018-இல் லினக்ஸில் 'கேக்' என்ற ஒரு பகுதி சேர்ந்தது. (தின்கிற கேக் அல்ல!) வரிசையில் பழைய ரசீதுகள் தேங்கிக் கிடந்தால் அவற்றைக் கழித்துவிட்டுப் புதியதை மட்டும் அனுப்பும் வசதி அதில் உண்டு. “90 வரை வந்தது” என்ற ரசீது கையில் இருக்கும்போது “80 வரை வந்தது” என்பது எதற்கு?

நான் இவ்வளவும் சொல்லி முடிக்கும்வரை பேரன் எங்கே காத்திருந்தான்! பாதியிலேயே அக்காவிடம் கெஞ்சி சினிமாவை நிறுத்த வைத்துவிட்டான். 7.56-க்குப் போட்டோ போய்ச் சேர்ந்தது. அதன் கீழே இரண்டு டிக் விழுந்தது.

“தாத்தா, இதுவும் ரசீதுதானே?” என்றான்.