பாலைப் புளிக்க வைக்கும் கிருமியே பாதுகாவலன்! ‘நிசின்’ உற்பத்தியைக் கூட்டுவது ஏன் கஷ்டம்?

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலை என்றதும் இசைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இயங்குவதும் இந்த ஊரில்தான். வெயில் கொளுத்தும் இந்தப் பக்கம், காலையில் கறந்த பாலைக் காய்ச்சாமல் வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். காரணம், பாலில் வளரும் பாக்டீரியாக்கள். அவற்றில் ஒன்றுதான் உணவு கெடாமல் காக்கும் ஒரு பொருளையும் தயாரிக்கிறது.

நிசின் என்றால் என்ன?

லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவின் சில ரகங்கள் சுரக்கும், 34 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். இப்படி ஒரு பொருள் இருப்பது 1928-லேயே கவனிக்கப்பட்டது. 1947-ல் ‘நிசின்’ என்று பெயர் வந்தது. 1969-ல் ஐ.நா. உணவு அமைப்பு, உலக சுகாதார அமைப்பு நிபுணர் குழு இதை உணவில் சேர்க்க ஏற்றது. சீஸ் பாக்கெட்டில் ‘இ 234’ என்று இருந்தால், அது இதுதான்.

எப்படி வேலை செய்கிறது?

எதிரி பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் ‘லிப்பிட் 2’ மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, சவ்வில் ஓட்டை போடுகிறது. லிஸ்டீரியா, குளோஸ்ட்ரிடியம் வகைகள் இதில் சிக்கும். ஈ கோலை, சால்மோனெல்லாவுக்கு வெளிச்சவ்வு இருப்பதால் தனியாக நிசினை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் என்ன பிரச்சினை?

விளைச்சல்தான். பாக்டீரியா வளரும்போதுதான் நிசின் வரும். வளர்ச்சி நின்றால் உற்பத்தியும் நிற்கும். வளர வளர அதுவே லாக்டிக் அமிலத்தைக் கொட்டி, தன் வளர்ச்சியைத் தானே முடக்கிக்கொள்கிறது. நிசின் அளவு கூடினால், தயாரித்த பாக்டீரியாவுக்கே ஆபத்து. போதாக்குறைக்கு, உருவான நிசினில் ஒரு பகுதி செல்களின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். தீனிச் செலவும் அதிகம். பல அமினோ அமிலங்களை இதனால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. ஈஸ்ட் சாறு போன்ற விலை உயர்ந்த சத்துகளைக் கொடுத்தாக வேண்டும்.

என்ன வழி?

* தொட்டியில் காரம் சேர்த்து, அமிலத்தன்மையை ஒரே சீராக (பிஹெச் 6 அளவில்) வைத்திருப்பது.
* லாக்டிக் அமிலத்தைச் சாப்பிடும் ஈஸ்டையும் கூடவே வளர்ப்பது. ஜப்பான் ஆய்வாளர்கள் 1999-ல் இந்த ‘கூட்டணி’யில் நிசின் அளவைக் கூட்டிக் காட்டினார்கள்.
* கடைசியில் புளிப்பை நன்றாக ஏற்றி, செல்களில் ஒட்டிய நிசினைக் கழற்றி எடுப்பது.
* நிசினைத் தாங்கும் திறனுக்கான மரபணுக்களைக் கூட்டுவது.

நம்ம ஊருக்கு என்ன லாபம்?

பனீர் போட்டால் பாலின் பெரும்பகுதி தண்ணீராகவே வடியும். அதில் லாக்டோஸ் சர்க்கரை இருக்கிறது. சாக்கடையில் விட்டால் நீர்நிலையின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். புளிப்பைச் சரிசெய்து, கொஞ்சம் சத்தும் சேர்த்தால், அதுவே நிசின் பாக்டீரியாவுக்குத் தீனி. தீனிச் செலவு குறைந்தால்தான் சின்னப் பால் பண்ணைத் தொழிலுக்கும் இது கட்டுப்படியாகும்.

ஒரு விஷயம்: விற்பனைக்குப் போகும் பச்சைப் பாலில் எந்தப் பதப்படுத்தும் பொருளும் சேர்க்கக் கூடாது. பால் கெடாமல் இருக்க, கறந்த உடனே குளிரூட்டுவதற்கு நிசின் மாற்று கிடையாது.