வாய்ப்பாட்டில் ஒரு வாணவேடிக்கை

1993-ஆம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், பின்லாந்து தேசத்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள கெரவா என்ற ஊரில், கணிப்பொறியைத் திரையோடும் கம்பிகளோடும் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, தூக்கம் மிகுந்தால் மேஜைக்கு அடியிலேயே முடங்கிக்கொள்ளவும் சித்தமாக இருந்த ஓர் இளைஞர் பட்டாளம் கூடியது. ‘அஸெம்ப்ளி’ என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். அங்கே ‘ஃபியூச்சர் க்ரூ’ என்னும் சிறு குழுவினர் ‘செகண்ட் ரியாலிட்டி’ என்ற தங்கள் சிருஷ்டியைத் திரையேற்றி, பிசி டெமோப் போட்டியின் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார்கள். கூட்டத்தை நடத்தியவர்களிலும் இவர்கள் உண்டு. விருந்து வைப்பவனே பந்தியில் முதல் இலையில் உட்காரலாமா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். காட்சியை ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்த ஆட்சேபம் எழாது.

டெமோ பார்வைக்கு ஒரு குட்டி சினிமா. விண்கலங்கள் பறக்கின்றன, புள்ளிகள் திரண்டு சுரங்கமாக வளைகின்றன, வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கண்ணைக் கூசவைக்கும் அலைகளாகின்றன, இவ்வளவுக்கும் சங்கீதம் கூடவே ஒலிக்கிறது. ஆனால் சினிமாவில் ஓடுவது என்றோ பிடித்து வைத்த படம். டெமோவிலோ, காட்சியின் பெரும்பகுதி படமாக எங்கும் பதிந்து கிடப்பதில்லை. எந்தப் புள்ளி எந்தக் கணத்தில் எந்த நிறம் பெறவேண்டும் என்பதை, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்திலேயே, உங்கள் மேஜைமேல் இருக்கும் யந்திரம் கணக்கிட்டுத் தீட்டுகிறது. பட்சணத்தைப் பொட்டலம் கட்டி அனுப்புவதற்கும், சமையற்காரரையே அனுப்பி, உங்கள் வீட்டு அடுப்பில், பந்தி நடக்க நடக்கச் சுடச்சுடப் போடச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. அடுப்பு சிறிதாயிற்றே என்று இலைமுன் இருப்பவர் காத்திருக்க மாட்டார்.

அந்த அடுப்பும் சாமானியமான அடுப்புத்தான். அன்றைய பிசி, கடிதம் அடிக்கவும் வரவுசெலவு எழுதவும் ஏற்பட்ட ஆபீஸ் யந்திரம்; படத்துக்கும் பாட்டுக்கும் தனிச் சில்லுகளைக் கொண்டிருந்த கொமடோர் 64, அமிகா ஆகிய யந்திரங்களில் ஊறிய பையன்களுக்கு அதன்மேல் ஓர் இளக்காரம். ஃபியூச்சர் க்ரூவும் 1986-இல் கொமடோரில் கை பழகத் தொடங்கிய குழுதான். பிசியின் திரையில் குறுக்கே 320, நெடுக்கே 200, ஆக 64,000 புள்ளிகள். திரையோ வினாடிக்கு 70 தடவை புதுப்பிக்கப்படுவது. தடவைதோறும் எல்லாப் புள்ளிகளையும் மாற்றி எழுதுவதென்றால் வினாடிக்கு 44,80,000 புள்ளிகள். 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 486 ரகப் பிசிக்கு வினாடிக்கு 3 கோடியே 30 லட்சம் துடிப்பு. வகுத்துப் பார்த்தால் ஒரு புள்ளியின் பங்குக்கு ஏழு துடிப்புக்குச் சற்று மேல். ஒரே ஒரு பெருக்கல் கணக்குக்கே அந்த யந்திரத்துக்கு அதைவிட அதிகத் துடிப்பு வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதுதான், இந்தப் பையன்கள் எதனோடு மல்லுக்கு நின்றார்கள் என்பது புலப்படும்.

பெருக்க நேரமில்லாதவன் என்ன செய்வான்? திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் செய்ததையே செய்வான்: வாய்ப்பாடு போட்டு வைப்பான். அலைக்கும் வளைவுக்கும் வேண்டிய சைன் கணிதத்தின் விடைகளையெல்லாம் காட்சி தொடங்குமுன்பே வரிசையாக நினைவகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஆட்டம் நடக்கையில் கணக்குப் போடாமல் விடையை மட்டும் எடுத்துக்கொள்வது டெமோக்காரர்களின் பால பாடம். இன்னொரு தந்திரம் கல்யாண வீட்டு வாசலில் நாம் எல்லோரும் பார்த்தது. சீரியல் விளக்குத் தோரணத்தில் வெளிச்சம் ஓடுகிறது; ஆனால் எந்த பல்பும் இருந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. பிசியின் திரையிலும் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது நிறம் அன்று, நிறத்தின் எண் மாத்திரமே. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது 256 நிறங்கள் கொண்ட ஒரு தனி அட்டவணையில் உள்ளது. 64,000 புள்ளிகளையும் தொடாமல், நிறத்துக்கு மூன்று வீதம் அட்டவணையில் உள்ள 768 எண்களை மட்டும் ஓரிடம் தள்ளித் தள்ளி மாற்றினால், அசையாத சித்திரம் ஆறாகப் பெருகி ஓடுவதாகக் கண் நம்பிவிடுகிறது. ஏமாற்று வித்தைதான், ஆனால் இவ்வளவு யோக்கியமான ஏமாற்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சங்கீதமும் இதே சிக்கனத்தில் பிறந்தது. பாட்டை முழுதாகப் பதிவு செய்தால் அன்றைய ஃபிளாப்பிகள் தாங்கா. ஆகையால் வாத்தியங்களின் சிறு ஒலித் துணுக்குகளையும், எந்தத் துணுக்கை எந்த மாத்திரையில் எந்த ஸ்தாயியில் ஒலிப்பது என்ற குறிப்பையும் மட்டும் கோப்பில் வைப்பார்கள்; குறிப்பை எழுத உதவும் நிரலுக்கு ‘டிராக்கர்’ என்று பெயர். 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகாவுக்குச் செய்த ‘சவுண்ட்டிராக்கர்’ வழிகாட்டியது. ஃபியூச்சர் க்ரூவில் சாமி தம்மிலெஹ்தோ பிசிக்கென்று ‘ஸ்கிரீம் டிராக்கர்’ எழுதினார். செகண்ட் ரியாலிட்டிக்கு இசையமைத்தவர்கள் ‘பர்ப்பிள் மோஷன்’ என்ற புனைபெயர்கொண்ட யோன்னே வால்டோனன் என்னும் இருபது நிரம்பாத இளைஞரும், ‘ஸ்கேவன்’ எனப்பட்ட பீட்டர் ஹாய்பாவும். காட்சியின் ஒவ்வொரு பகுதியும் உண்மையில் ஒரு தனிச் சிறு நிரல். இவ்வளவையும் கோத்து நின்றது பாட்டு. குறிப்பின் எந்த வரியில் இருக்கிறோம் என்று கேட்டுக் கேட்டே சித்திரம் அடி எடுத்து வைக்கும். மிருதங்கத்தை விட்டு நட்டுவாங்கம் விலகாததுபோல.

தட்டுப்பாடு யந்திரத்தோடு நின்றிருந்தால், யந்திரம் வளர வளர இந்தக் கலை மடிந்திருக்க வேண்டும். அப்படி நேராததற்குக் காரணம், இவர்கள் தட்டுப்பாட்டைத் தாமாகவே விதித்துக்கொண்டதுதான். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வதுபோல, 64 கிலோபைட்டுக்குள் செய், 4 கிலோபைட்டுக்குள் செய் என்று போட்டிகள் பிறந்தன. 2009-இல் ஜெர்மனியின் ‘பிரேக்பாயிண்ட்’ கூட்டத்தில் ஆர்ஜிபிஏ, டிபிசி என்ற இரு குழுக்கள் சேர்ந்து காட்டிய ‘எலிவேட்டட்’, பனி மலைத்தொடர்களின்மேல் பறப்பதுபோன்ற நீண்ட காட்சியையும் அதற்கான இசையையும் 4,096 பைட்டுகளில் அடக்கியிருக்கிறது. மலைகள் அதில் இல்லை. மலையை விளைவிக்கும் சூத்திரங்கள் இருக்கின்றன. நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்து சேமித்தாலே அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும்.

இந்தக் குலத்தின் ரிஷிமூலம் அவ்வளவு கௌரவமானதன்று. எண்பதுகளில் விளையாட்டு நிரல்களின் பூட்டை உடைத்து நகலெடுத்து விநியோகித்தவர்கள், உடைத்தது நாங்கள்தான் என்று பெருமையடித்துக்கொள்ள முகப்பில் ஒரு மினுக்குக் காட்சியை ஒட்டிவிடுவார்கள். நாளடைவில் சிலருக்குத் திருட்டைவிட அந்தக் கையெழுத்திலேயே மோகம் மிகுந்து, முகப்பு தனிக் கலையாகப் பிரிந்து வந்தது. அந்த வழிவந்த டெமோக் கலையைத்தான் 2020-இல் பின்லாந்து, தன் சானா நீராவிக் குளியல் இடம்பெற்றுள்ள அதே மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருஷம் ஜெர்மனியும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஃபியூச்சர் க்ரூவினரில் சிலர் 1995-இல் ‘ரெமெடி’ என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ‘மேக்ஸ் பெய்ன்’ விளையாட்டு அவர்கள் செய்ததுதான். வால்டோனன் பிற்பாடு முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதப் போனார்.

2013-இல், இருபது வருஷம் நிறைந்ததை முன்னிட்டு, செகண்ட் ரியாலிட்டியின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் அதற்கெல்லாம் காத்திராமல், 1997-லேயே ‘ஸ்மாஷ் டிசைன்ஸ்’ என்ற வேறொரு குழு, மேலும் நல்ல யந்திரத்தை நாடிப் போவதற்குப் பதிலாக, 1982-இல் சந்தைக்கு வந்த பழைய கொமடோர் 64-ஐத் தூசி தட்டி எடுத்து, 486-இன் வேகத்தில் முப்பதில் ஒரு பங்குகூட எட்டாத அந்தக் கிழ யந்திரத்தில் அதே காட்சியைத் திரும்ப ஆட வைத்தது. நிறம் பதினாறுதான், பாட்டுக்கு மூன்றே குரல்.