வாட்டர்கேட்டின் இரவுக் காவலாளி

1972 ஜூன் 17 அதிகாலை. வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டிடத்தின் கதவொன்றில், பூட்டு விழாதபடி யாரோ ஒட்டு நாடா ஒட்டியிருந்தார்கள். இரவுக் காவலாளி பிராங்க் வில்ஸ் அதைப் பிய்த்துப் போட்டார். திரும்பி வந்தால் மறுபடியும் நாடா! உடனே போலீசுக்குப் போன் செய்தார். எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஐவர் பிடிபட்டனர்.

விவகாரத்தை மூடி மறைக்கப் போய், ஜனாதிபதி நிக்சன் 1974 ஆகஸ்ட் 9ல் பதவி விலகினார். அடுத்த மாதமே பொது மன்னிப்பும் பெற்றார். அவர் முகம் சினிமாவிலும் முகமூடிகளிலும் நிலைத்துவிட்டது. எந்த ஊழலுக்கும் இன்று 'கேட்' என்று வால் ஒட்டுகிறார்கள். 2012ல் நம் நாட்டு நிலக்கரி விவகாரமும் 'கோல்கேட்' ஆயிற்று.

வில்ஸ்? 1976ல் வந்த படத்தில் தம் வேடத்தில் தாமே நடித்தார். பிறகு நிலையான வேலையின்றி அல்லாடி, 2000ல் வறுமையில் மாண்டார். இரவுப் பணி பார்க்கும் நாமாவது அவர் பெயரை நினைவில் வைப்போம்.